பதினைந்து எழுத்து

இரண்டு குளிர்காலம் நெய்த நான்கு கம்பளங்களைக் கொடுத்து, அவற்றுக்கு ஈடாக 1951ஆம் வருடத்துப் பச்சை செவர்லே பிக்கப் ஒன்றை வாங்கினாள். அரசாங்கம் கொண்டுபோய்ச் சேர்த்த விடுதிப் பள்ளிக்கூடத்திலிருந்து மகளைத் திரும்பக் கூட்டிவந்தாள். மூன்று வருட வறட்சியில் அறுபது ஆடுகளில் நாற்பத்தொன்றைக் காப்பாற்றினாள். கணவன் சேணத்தைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாக வீட்டைவிட்டுப் போன பிறகு, ஐம்பதாவது வயதில் வண்டி ஓட்டக் கற்றாள். அமெரிக்காவில், நவாஹோ பழங்குடியினரான எங்கள் மலையடிவாரத்தில் யானபா பிட்சிலி ஜெயித்தவை இவை. அண்ணன் ஹாஸ்கி இவற்றில் ஒன்றையும் விடாமல் நோட்டில் தேதி போட்டு வைத்திருந்தார்.

அந்த வண்டிக்குத்தான் கொழுந்தன் டெல்பர்ட் ஆசைப்பட்டான். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"எங்கண்ணன் ஓட்டுன வண்டி அது. இவங்ககிட்ட லைசன்ஸ் இருக்கா? காகிதத்துல கட்டைவிரலை உருட்டுறவங்களுக்கு வண்டி எதுக்கு? எங்கிட்ட குடுங்க, ஊருக்கே தண்ணி கொண்டாந்து தர்றேன்."

"உங்கண்ணன் ஓட்டுனாரு. அதுக்குக் கம்பளம் நெய்தது யாரு?" என்றாள் யானபா.

அடுத்த சனிக்கிழமைக்குள் லைசன்ஸோடு வந்தால் வண்டி அவளுக்கு, இல்லையென்றால் டெல்பர்ட்டுக்கு என்று கூட்டம் முடிவு செய்தது.

லைசன்ஸ் கொடுக்கும் ஊர் நூற்றெண்பது மைல் தள்ளி இருந்தது. பழகுபவர் ஓட்டும் வண்டியில் லைசன்ஸ் உள்ளவர் ஒருவர் இருக்க வேண்டும். ஹாஸ்கிக்கு ஒரு கண்ணில் புரை, லைசன்ஸ் கிடையாது. குடும்பத்தில் லைசன்ஸ் இருந்தது எமர்சன் ஒருவனிடம்தான், அவனோ யானபாவின் மருமகன். எங்கள் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவோ, பேசிக்கொள்ளவோ கூடாது. பார்த்தால் கண் போய்விடும்.

"இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்குறா? ஒரு நாள்தானே, விட்டுடேன்" என்றார்கள் பக்கத்து வீட்டார்.

"வண்டியையும் விடமாட்டேன், வழக்கத்தையும் விடமாட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது கிளம்பினார்கள். அவள் ஓட்ட, பக்கத்தில் ஹாஸ்கி. எமர்சன் பின்தொட்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பைன் கொட்டை உடைத்துத் தின்றுகொண்டு வந்தான். உள்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பியிருந்தாள். செம்மண் பாதை அறுபது மைல், பிறகு தார். சிவப்புப் பாறைக் கோபுரங்களைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மலையை வெட்டிய ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றது.

"அண்ணே, மாப்பிள்ளைகிட்ட சொல்லு, ரேடியேட்டரு."

"மாமா, அத்தைகிட்ட சொல்லுங்க, அது எனக்குக் காதுலயே கேக்குது."

யானபா போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டாள். எமர்சன் முன்னால் போய் பானெட்டைத் தூக்கினான். பானெட் நடுவில் சுவராக நின்றது. போர்வைக்குள் இருந்தபடியே அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

"மெதுவான்னு சொல்லுங்க மாமா!"

"மெதுவாவாம்."

"எனக்குத் தெரியும்னு சொல்லு!"

பகல் பதினொன்றே காலுக்கு ஊரை அடைந்தார்கள். கேள்விகளை அதிகாரி வாசிக்க, ஹாஸ்கி அவற்றை எங்கள் நவாஹோ பேச்சில் சொன்னார். இருபதில் பதினெட்டு சரி. ஓட்டிக் காட்டப் போனபோது அதிகாரி உள்கண்ணாடியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது ஏன் கூரையைப் பாக்குது? பின்னாடி வர்ற வண்டியை எப்படிப் பாப்பாங்க?"

"பின்னாடி இவங்க மருமகன் உக்காந்திருந்தான், பாக்கக் கூடாது. எங்க ரோட்டுல பின்னாடி வேற வண்டியே வராது சார்" என்றார் ஹாஸ்கி.

எமர்சன் அதற்குள் இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டான். யானபா கண்ணாடியைத் தானே நேராக்கி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கார்களுக்கு நடுவில் வண்டியைப் பின்னால் செருகிக் காட்டினாள். அதிகாரி தாளில் குறித்துக்கொண்டார்.

கடைசியாகக் கையெழுத்து. அதிகாரி நல்ல மனிதர்தான்; படிவத்தோடு மைப்பெட்டியையும் நகர்த்தி வைத்தார். அவள் முழங்கையால் அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

அவளுடைய பெயரை வண்டிக் கதவில் வெள்ளைப் பெயின்டால் எழுதியவன் எமர்சன். அவளோடு ஒரு வார்த்தை பேச முடியாதவன் செய்த மரியாதை அது. ஒரு வருடமாகத் தினமும் காலையில் கதவுப் புழுதியில் அந்த எழுத்துகள் மேல் விரலை ஓட்டியிருக்கிறாள். இங்கிலீஷில் மொத்தம் பதினைந்து எழுத்து. ஒன்பது எழுதியதும் பேனா நின்றது. அடுத்தது மறந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே வண்டி நின்றது. அவள் நிமிரப் போனபோது ஹாஸ்கி பார்த்தார்: திரும்பி வந்த எமர்சன் அந்தக் கதவிலேயே சாய்ந்து நிற்கிறான்.

"கண்ணை மூடு!" என்று தங்கையிடம் கத்திவிட்டு வாசலுக்கு ஓடினார். "டேய் மாப்பிள்ளை! கதவை விட்டுத் தள்ளிப் போ! அந்தப் பக்கம் போய்க் குனிஞ்சு நில்லுடா!"

"எதுக்கு மாமா?"

"உங்கத்தை பேரை மறைச்சுக்கிட்டு நிக்கிற!"

அதிகாரி மைப்பெட்டியை மறுபடி தொட்டார். "இதுவும் செல்லும்மா. சட்டத்துல குறை ஒண்ணும் இல்ல."

ஹாஸ்கி மூச்சிரைக்க உள்ளே வந்து அதைத் தங்கையிடம் சொன்னார்.

"அவருக்குச் செல்லும். டெல்பர்ட்டுக்குச் செல்லாது" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"சரி, இப்போ பாரு."

பார்த்தாள். கதவு முழுசாகத் தெரிந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தொப்பி மட்டும் தெரிந்தது. தொப்பிக்குத் தடை கிடையாது. மீதி ஆறு எழுத்தையும் கதவைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினாள். காகிதத்தின் பின்பக்கம் தடவிப் பார்த்தால் எழுத்து கைக்குத் தட்டுப்பட்டது.

ஹாஸ்கி தன் நோட்டைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தையும் நாள்காட்டியையும் இரண்டு தடவை சரிபார்த்துக் குறித்துக்கொண்டார்: 1983, அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை.