கடைசி வரியில் பாண்

எந்த வீட்டுக்குப் போனாலும் சிறில் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் ஒரு தரம் கைதட்டிப் பார்ப்பார். ஒரேயொரு தட்டுத்தான். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். அறை எவ்வளவு எதிரொலிக்கிறது என்று பார்க்கிறாராம். வங்கியில் தட்டியிருக்கிறார், பல் டொக்டரின் அறையில் தட்டியிருக்கிறார். போன மாதம் நிலாவெளியில் ஒரு செத்த வீட்டில், பெட்டிக்குக் கிட்டப் போய் நின்றும் தட்டினார். அழுதுகொண்டிருந்த சனம் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. மனைவி சீலா அவருடைய முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். "நல்ல அறை, சீலா. எதிரொலியே இல்லை," என்றாராம் மனுசன், படலையடியில் நின்றுகொண்டு.

வீடு ஓர்ஸ் ஹில்லில், துறைமுகத் தண்ணீர் தெரிகிற சரிவில். கப்பல்களை இழுத்துவரும் படகொன்றின் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் சிறில். அந்த அறை அவருக்கு ஓய்வூதியத்தோடு கொஞ்சம் செவிட்டையும் கொடுத்து அனுப்பியது. முழுச் செவிடில்லை. தடித்த சத்தமெல்லாம் பாம்புக் காதாகக் கேட்கும்; மூன்று வீடு தள்ளித் தண்ணீர் மோட்டர் ஓடினால், பெயாரிங் போய்விட்டது என்று இங்கிருந்தே சொல்லுவார். கூரிய சத்தங்கள்தான் கைவிட்டுப் போய்விட்டன. குருவி, கொலுசு, சைக்கிள் மணி எல்லாம் அவரைப் பொறுத்தவரையில் ஊரைவிட்டே போனவை.

இந்தக் காதை வைத்துக்கொண்டுதான் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடினார். தன் குரல் தனக்குக் கேட்கவேண்டாமா? ஓங்கிப் பாடினார். முதலில் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். பிறகு தூணுக்குப் பின்னால் அனுப்பினார்கள். மாதாவின் தலைக்கு மேலிருந்த புறாக்கள் அப்போதும் பறந்தபடியால், கடைசியில், ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்க்க உங்களை விட்டால் ஆர் இருக்கினம் என்று மரியாதையாகக் கேட்டு, கையில் வயரைக் கொடுத்தார்கள். சிறில் மனம் நொந்துதான் போனார். ஆனாலும் இயந்திரம் பார்த்த கை வயரைப் பிடித்தால் சும்மா இருக்குமா? எந்த வயர் எங்கே போகிறது என்று நோண்டத் தொடங்கியவர், கொழும்பிலிருந்து ஒரு மைக்கும், அதைக் கணினியோடு பொருத்துகிற சின்னப் பெட்டியொன்றும் எடுப்பித்து, வீட்டிலேயே ஒலிப்பதிவு பழகத் தொடங்கிவிட்டார்.

குரு யூரியூப்பில் இருக்கிறார். தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன். காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கைபேசிக்கு முன்னால் கதிரையைப் போடுவார் சிறில். பொடியன் வணக்கம் சொன்னால் இவரும் வணக்கம் சொல்லுவார். விளங்கியதா நண்பர்களே என்று அவன் கேட்டால், "இல்லைத் தம்பி, அந்தக் கடைசிக் கதையை இன்னொருக்காச் சொல்லும்," என்று விரலால் பின்னுக்குத் தள்ளுவார். அறைக்கு முட்டைத் தட்டு ஒட்டினால் எதிரொலி போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடைகடையாய் ஏறி வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினார். பல்லிகள் குடும்பத்தோடு குடிவந்தன. அடுத்த பாடத்தில் பொடியன், முட்டைத் தட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றான். அன்று முழுக்க சிறில் அவனோடு கதைக்கவில்லை.

இப்போது அவருடைய முறை வேறு. அலுமாரியின் இரண்டு கதவையும் அகலத் திறந்து, சீலாவின் சேலைகளை முன்னுக்கு இழுத்துவிடுவார். ஜன்னலில் மெத்தையைச் சாத்துவார். மின்விசிறியை நிற்பாட்டுவார். பாடுகிறவர் சேலைகளைப் பார்த்துக்கொண்டு வேர்த்து வழியப் பாடவேண்டும். கடைசியாக ஒரு வேலை உண்டு. பாடுகிறவர் பாடும்போது சிறிலின் வாயும் கூடவே அசையும். அசைந்தால் மேல் பல்செட் 'டக்' என்று அடிக்கும். அதையும் மைக் விடாமல் பிடிக்கும். ஆகையால் பல்லைக் கழற்றித் தண்ணீர்க் கிளாசில் போட்டு மேசையில் வைத்துவிடுவார். பல்லில்லாமல் மனுசன் கேற்றடிக்குக்கூடப் போகமாட்டார். அவ்வளவு வெட்கம்.

இத்தனை பாடும் ஒரேயொரு பாட்டுக்காகத்தான். மாதாவுக்கென்று அவரே எழுதி, அவரே மெட்டுப்போட்ட பாட்டு. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னம் நல்லபடியாகப் பதிந்து தந்தால், மாதா சிலையைத் தூக்கிவருகிற சுருவப் பவனியில் போடலாம் என்று பங்குச் சுவாமி வாய்விட்டுச் சொல்லிவிட்டார். தூணுக்குப் பின்னால் அனுப்பிய அதே சனம் தன் பாட்டுக்குப் பின்னால் நடந்துவர வேண்டும். சிறிலுக்கு அதைவிட்டால் வேறு ஆசை கிடையாது.

முதல் தடவை தானே பாடி, தானே சரிக்கட்டிக் கொண்டுபோனார். கூரிய சத்தங்கள் தன் காதுக்கு எட்டும் மட்டும் ஏற்றியிருந்தார். கோயில் ஸ்பீக்கரில் போட்டதும், வளவில் படுத்துக்கிடந்த, ஊருக்குள்ளேயே திரிகிற மான்கள் எழும்பிக் கடற்கரைப் பக்கம் ஓட்டமெடுத்தன. சுவாமி காதிரண்டையும் பொத்திக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றார். வீட்டுக்கு வந்த பிறகு சீலாதான், ஊசியால் குத்தின மாதிரிக் கிடந்தது என்று உள்ளதைச் சொன்னார்.

அன்றையிலிருந்து சீலாவின் காதுதான் சிறிலின் காது. சீலாவுக்கு ஒலிப்பதிவின் பாஷை ஒன்றும் தெரியாது. குசினிப் பாஷைதான் தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்பார். "புளி கூடிப்போச்சு" என்றால் சிறில் கூரிய சத்தத்தைக் குறைப்பார். "கஞ்சியாக் கிடக்கு" என்றால் தடித்த சத்தத்தை வெட்டுவார். பொடியன் சொன்னதைவிட இது சிறிலுக்கு நன்றாக விளங்கியது. குரலுக்கு, கோயில் குழுவில் பாடுகிற றஜிதாவைப் பிடித்தார்கள். கந்தோரில் கிளாக்கர் வேலை செய்கிற பிள்ளை, நல்ல தொண்டை.

இனித் தெருச் சத்தம். பாண் ரொட்டி விற்கிற அஸீம் காலையிலும் பின்னேரமும் ஓட்டோவில் மெட்டொன்றைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வருவான். சிறில் அவனை மறித்து, ஒரு நாளைக்கு மட்டும் சத்தமில்லாமல் வந்துபோகும்படி கெஞ்சினார். அஸீமும் பாவமென்று அப்படியே வந்துபோனான். பாண் வந்தது ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போயின. சனம் சிறில் வீட்டுக் கேற்றில் வந்து நின்று கேட்ட கேள்வி கொஞ்சநஞ்சமில்லை. மறுநாள் முதல் மெட்டு திரும்பி வந்தது, முன்னையைவிடப் பெலமாக.

றஜிதா பாட வந்த நாளில் சீலாவுக்கு ஹெட்போனை மாட்டிக் கேட்க நேரமில்லை. கந்தளாயில் அண்ணன் வீட்டில் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். மத்தியான பஸ்ஸுக்குப் புறப்பட வேண்டும். மறுநாள் அண்ணன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. லேசில் வராத அண்ணன். அவருக்கென்று நிலாவெளியில் தெரிந்தெடுத்து வாங்கிய அறக்குளா மீனை வெட்டிக் கழுவி பிரிட்ஜில் உறைய வைத்திருந்தார் சீலா. சிறிலுக்கோ ஹெட்போனுக்குள் அந்தப் பிரிட்ஜ் 'ம்ம்ம்' என்று கூடப் பாடிக்கொண்டிருந்தது. போய் சுவிச்சை நிற்பாட்டினார். றஜிதா பாடினாள். பாட்டென்றால் பாட்டு! சிறிலுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோசத்தில் பல்லை எடுத்து மாட்டினார், பையைத் தூக்கினார், பஸ்ஸுக்கு ஓடினார். பல் நினைவிருந்தது, பிரிட்ஜ் நினைவில்லை.

மறுநாள் பின்னேரம் திரும்பியபோது கேற்றடியிலேயே மணம் வந்து வரவேற்றது. வீட்டைச் சுற்றி ஊர்ப் பூனையெல்லாம் கூடியிருந்தன. அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மச்சான் மீனுக்கும் பாட்டுப் படிப்பிச்சவரோ என்று பகிடி விட்டார். சீலா சிரிக்கவில்லை. பருப்பும் முட்டைப் பொரியலும் வைத்து அண்ணனைச் சாப்பிடச் செய்தார். குசினிக்குள் போய் நின்று அழுதார். சிறில் மீனை முருங்கைக்குக் கீழே ஆழமாகத் தோண்டிப் புதைத்தார். வந்தவர்கள் போன பிறகுதான் சீலா வாய் திறந்தார்.

"பாட்டில எனக்கு ஒரு கோவமுமில்லை. ஆனால் இந்த வீட்டில ஒரு சுவிச்சிலயும் இனி உங்கட கை படக்கூடாது. என்ர காதையும் கேக்கப்படாது."

சுவிச் இல்லாமல் சமாளிக்கலாம். காதில்லாமல் என்ன செய்வது? பக்கத்து வீட்டு நாயைக் கூப்பிட்டு இருத்தி, பாட்டைப் போட்டு அதன் காதைப் பார்த்தார். நாய் அசையவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்று சந்தோசப்பட்டார். நாய்க்கு வயதாகி இவரைவிடச் செவிடு என்று அந்த வீட்டுக்காரர் பிறகு சொன்னார். வேறு வழியில்லாமல் பதிவை றஜிதாவின் கைபேசிக்கு அனுப்பினார். அவள் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள்.

"அங்கிள், கடைசி வரியில பாண் வருது."

அஸீமின் மெட்டு. மாதாவே எங்களைக் காத்தருளும் என்கிற இடத்தில், தெள்ளத் தெளிவாக. சிறில் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் போட்டார். மாதா கேட்டது, பாண் கேட்கவில்லை. இப்படியே கொடுத்திருந்தால் பவனியில் வந்த சனம் சுருவத்தை விட்டுவிட்டுப் பாண் வாங்க ஓடியிருக்கும். நினைக்கவே அவருக்கு வேர்த்தது. அந்த ஒரு வரியை மறுபடி பாடித்தான் ஆகவேண்டும். கொடியேற்றமோ வாற கிழமை.

பொடியனின் பாடங்களையெல்லாம் துருவி ஒரு வழி கண்டுபிடித்தார். பிரிட்ஜை நிற்பாட்டினால் வண்டித் திறப்பை, அதுதான் சாவியை, அதற்குள்ளே வைத்துவிட வேண்டுமாம்; வெளியே போக வேண்டுமென்றால் திறந்துதான் ஆகவேண்டும், திறந்தால் நினைவு வந்துவிடும். இதைச் சீலாவிடம் பெரிய விஞ்ஞானமாக எடுத்துச் சொன்னார். சீலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "திறப்பு இல்லாட்டி நீங்கள் நடந்து போவியள்," என்றார். கதை அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை றஜிதா வந்தாள். அஸீம் வந்துபோன பிறகுதான் சிறில் மெத்தையைச் சாத்தினார். பிறகு குசினிக்குப் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பிரிட்ஜுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். சொன்ன சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. இரைச்சலோடு பதிவோம், மாதா பொறுத்துக்கொள்ளுவா என்று றஜிதாவிடம் சொல்லிவிட்டு, பல்லைக் கழற்றிக் கிளாசில் போட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டினார். 'ம்ம்ம்' என்று பிரிட்ஜ் பாடத் தொடங்கியது. சிறிலின் முகம் விழுந்துபோயிருந்தது.

சீலா அறைவாசலில் வந்து நின்றார். சேலைகளைப் பார்த்தார், வேர்த்துக்கொண்டு நிற்கிற றஜிதாவைப் பார்த்தார், மனுசனின் முகத்தைப் பார்த்தார். நேராக மேசைக்கு வந்து கிளாசைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சிறில் ஒரு கையால் வாயைப் பொத்தி, மறுகையால் என்ன ஏதென்று கேட்டார். சீலா திரும்பவில்லை. சற்று நேரத்தில் ஹெட்போனுக்குள் அந்த 'ம்ம்ம்' அடங்கியது. குசினியில் பிரிட்ஜ் கதவு திறந்து மூடிய சத்தம், தடித்த சத்தம், சிறிலுக்கே கேட்டது.

சீலா வெறுங்கையோடு திரும்பி வந்தார். கதிரையொன்றை இழுத்து மைக்குக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். சிறிலின் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டு, பாடு என்று றஜிதாவுக்கு விரல் காட்டினார்.