மேடைக்கு ஏற்ற ரயில்

மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் பாதையில் எங்கள் ஊருக்கென்று இருப்பது ஒரு சின்ன நிறுத்தம். தகரக் கொட்டகை, பெயர்ப்பலகை, இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் இடம் தரும் ஒரு மேடை. வந்துபோன ரயிலோ, ஊர்ப் பேச்சில் கோச்சி, அதைவிட இரு மடங்கு நீளம். முன்பெட்டிகள் மேடையில் நிற்கும். பின்பெட்டிகள் வெறும் சரளைக் கல்லுக்கு மேலே நிற்கும்.

காலையில் முன்னால் போய் நின்று ஏறிக்கொள்ளலாம். மாலையில்தான் பாடு. கண்டியில் கூட்டம் தள்ளுகிற தள்ளில் எந்தப் பெட்டி வாய்க்கிறதோ அதில்தான் ஏற முடியும்.

நானும் ராத்தாவும் அப்படித்தான் பல வருடங்கள் போய்வந்தோம். எனக்கு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. ராத்தா ஆஸ்பத்திரியில் தாதி. உறவில்லை, அடுத்த தெரு முஸ்லிம் குடும்பம். அவருடைய தங்கைகள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் ராத்தா என்றே பழகிவிட்டேன். நின்றபடியே தூங்கக்கூடியவர். தன் கையை என் கைக்குள் கோத்துக்கொண்டு, என் தோளில் தலை சாய்த்து, சுரங்கம் வந்தாலும் விழிக்காமல் வருவார்.

அன்று மாலை மழை. கடைசிப் பெட்டிதான் கிடைத்தது. எங்கள் நிறுத்தம் வந்தபோது ராத்தா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்னா தங்கச்சி, நெலமே தெரியலியே."

"இருங்க ராத்தா, நான் மொதல்ல எறங்கி கை தர்றேன்."

நான் குதித்து இறங்கி இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் ஒரு காலைக் கீழே வைக்கும்போது ரயில் அசைந்துவிட்டது. மழையில் ரயில் கார்டுக்கு எங்கள் பக்கம் தெரிந்திருக்காது. பெட்டிக்குள் இருந்தவர்கள் சிங்களத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். ரயில் நின்றபோது ராத்தா சரளையில் ஒருக்களித்துக் கிடந்தார். என் முகத்தைப் பார்த்து, "இடுப்பு போச்சு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். தாதி அல்லவா, அவருக்குத் தெரிந்திருந்தது.

தான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தார். எழுந்தார், ஆனால் நான்கு கால் வைத்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. வேலையை விட்டார்.

மேடையை நீட்டித் தாருங்கள் என்று ஊரில் சிலரைச் சேர்த்துக்கொண்டு ரயில்வே கந்தோரில் போய்க் கேட்டேன். ஒரு அதிகாரி வந்து நாடா பிடித்து அளந்தார். நல்ல மனிதர். நிலம் சமமாக இருக்கிறது, நீட்டுவது கஷ்டமில்லை என்று சிங்களத்தில் சொன்னார். நேரே ராத்தா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். விழுந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். இனி ஒருத்தரும் விழ மாட்டாங்க."

மாதங்கள் போயின. கல்லும் வரவில்லை, மண்ணும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, பழைய நீள ரயிலுக்குப் பதிலாகக் எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றாய்ச் சேர்ந்த, குட்டையான பவர் செட் ரயில் ஒன்று வந்து நின்றது. எல்லாக் கதவுகளும் மேடைக்கு நேராக நின்றன. ஒன்றிலும் கால் வைக்க இடமில்லை. மாத்தளையிலேயே நிரம்பி, கம்பியில் ஆட்கள் தொங்க வந்திருந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேரை விட்டுவிட்டுப் போனது.

டிக்கட் கொடுப்பவரிடம் கேட்டேன்.

"மேடைய இப்ப நீட்ட ஏலாதாம் மிஸ். அதான் கோச்சிய கொறச்சிட்டாங்க. இனி ஒரு பெட்டியும் வெளிய நிக்காது தானே?"

பக்கத்தில் நின்ற ஒருவர், தினமும் எங்களோடு வருபவர், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "அந்த நர்ஸ் அம்மா விழப்போய்த்தான் நம்ம கோச்சி போச்சு."

யாரும் மறுக்கவில்லை. நான் ஆத்திரத்தோடு அவர் பக்கம் திரும்பினேன். அவர் அதற்குள் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். நானும் ஓடினேன்.

அந்தப் பேச்சு ராத்தாவின் காதுக்கும் போய்விட்டது. அடுத்த முறை போனபோது அவரே பேச்சை எடுத்தார்.

"நான் விழாம இருந்திருந்தா கோச்சி முழுசா வந்திருக்குமாமே?"

"மேடை நீளமா இருந்திருந்தா நீங்க விழுந்தே இருக்க மாட்டீங்க ராத்தா."

"அது எனக்கு வெளங்குது. சனங்களுக்கு வெளங்குமா?"

ஏற முடியாத நாங்கள் ஒவ்வொருவராகப் பஸ்ஸுக்கு மாறிவிட்டோம். இப்போது எங்கள் நிறுத்தத்தில் ஏறுபவர்கள் ஒரு கைப்பிடிதான். இத்தனை குறைந்த ஆட்களுக்கு இங்கே ரயிலை நிறுத்தத்தான் வேண்டுமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். இன்னொரு முறை போய்க் கேட்கலாமா என்று ராத்தாவிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. இனி ஒன்னும் கேக்காதீங்க. நாம கேட்டா அவங்க எதையாச்சும் கொறைக்கத்தான் செய்வாங்க."

நான் போகவில்லை.