ஆட்டுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவன்

குரலை வாடகைக்கு விடும் தொழிலுக்கு முதலீடே தேவையில்லை. மாட்டிக்கொண்டால் முதுகு மட்டும் தேவைப்படும். அடுத்தவர் குரலில் பேசி அடி வாங்கிய அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். ஒன்பது வயதில் தொழிலுக்கு வந்தவன் நான். இப்போது பதினாறு. பார்த்த நல்லது கெட்டதில் பாதியை அம்மாவிடம் சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஐந்தாவது குரல்

உக்கடம் பக்கம் எங்கள் காம்பவுண்டு. நடுவில் ஒரு வாசல், சுற்றி நாலு வீடு. முதல் வீட்டில் மெத்தைக்கடை ஜாஃபர் பாய். அவர் மகன் ஷஃபி என் வகுப்பு, என் சிநேகிதன், என் ஏஜென்ட். இரண்டாவது எங்கள் வீடு. அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை, அம்மாவுக்குச் சொந்த ஊர் கோபிப் பக்கம். மூன்றாவதில் பாலக்காட்டு நர்ஸ் லிஸி சேச்சி. நாலாவதில் பீகாரிலிருந்து ஃபவுண்டரி வேலைக்கு வந்த முன்னா அண்ணன். ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் மலையாளம், இந்தப்பக்கம் இந்தி. எனக்கு டியூஷன் ஃபீஸே இல்லாமல் எல்லாக் குரலும் பாடமாகிவிட்டது.

இந்த நாலுக்கும் மேலே ஐந்தாவதாக ஒரு குரல் உண்டு. எங்கள் ஓனர் பொன்னுசாமியுடையது. தாராபுரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர். மாதம் ஒருதடவை தோளில் தேங்காய் மூட்டையோடு வந்து, வீட்டுக்கு நாலு காய் கொடுத்துவிட்டு, சுவரில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். வாக்கியத்தில் இன்னும் இரண்டு 'ங்க' சேர்த்துக்கொள்வார். அதைக் கேட்டால் அப்பாவே செருப்பைத் தேடுவார்.

லிஸி சேச்சி நைட் டியூட்டி முடித்துத் தூங்கும்போது தெருப்பையன்கள் அவர் ஜன்னலடியில் கிரிக்கெட் ஆடுவார்கள். அவரிடம் ஒரு பிளேட் தள்ளுவண்டிக் காளானுக்கு ஒப்பந்தம் பேசி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஓனர் குரலில் ஆரம்பித்தேன்: "ஏனுங்க கண்ணுகளா, சன்னலு ஒடஞ்சா ஆருங்க பொறுப்பு?" ஸ்டம்ப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். ஜாஃபர் பாய் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்து, யாரையும் காணாமல் வானத்தைப் பார்த்து வணக்கம் வைத்தார். சாயந்திரம் சேச்சி காளானோடு வந்து சொன்னார்: "மோனே, நல்ல உறக்கத்துல இருந்தேன். உன் சத்தம் கேட்டதும் எழுந்து வாடகை எடுக்கான் போயிட்டேன்."

மெத்தைக்குள் வந்த விருந்தாளி

சிரித்தது அதோடு சரி. போன வருஷம் பாய் வீட்டுப் பஞ்சுத்தூசி சாக்கடையை அடைத்துக்கொண்டது. ஓனர் வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "ஏனுங்க பாய், இனி ஒரு தொந்தரவு வந்தாலுமுங்க, நீங்க வேற ஊடு பாத்துக்கோணுமுங்க" என்றார். 'ங்க' எண்ணிக்கையிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

பாய் குடும்பம் வீடு தேடுவது நாங்கள் வீடு தேடுவது மாதிரி இல்லை. 'டு லெட்' போர்டு தொங்கும். பெயரைச் சொன்னதும் "நேத்துத்தான் ஆள் வந்துட்டாங்க" என்பார்கள். போர்டு அடுத்த வாரமும் தொங்கும். ஷஃபி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

இந்த நிலைமையில் பக்ரீத் வந்தது. பாய் ஆடு வாங்கினால் குறிச்சியில் இருக்கும் மச்சான் கொட்டகையில்தான் கட்டுவார். மழையில் அந்தக் கொட்டகைச் சுவர் விழுந்துவிட்டது. பஞ்சு நிறைந்த கடையில் கட்ட முடியாது. ஆட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. காம்பவுண்டில் நாய், பூனை, கோழி எதுவும் கூடாது என்பது ஓனரின் முதல் சட்டம். ஒரு மாலை நேரம் மினி ஆட்டோவில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு ஆடு வந்து சேர்ந்தது. மொட்டைமாடியில் தொட்டிக்குக் கீழே கட்டி, சுற்றிலும் பழைய மெத்தைகளை நிமிர்த்திச் சுவராக வைத்தார்கள். மெத்தை பாதிச் சத்தத்தைக் குடித்துவிடும். மீதிப் பாதிக்குத்தான், தினம் ஒரு பிளேட் காளானுக்கு, என்னை வைத்தார்கள்.

"ஆடு கத்துனா நீ கத்துன மாதிரி இருக்கணும்டா," என்றான் ஷஃபி. அதற்கு ஊர் என் கத்தலுக்குப் பழக வேண்டும். எனவே முன்ஜாமீன் எடுப்பதுபோல, ஆடு வாய் திறக்கும் முன்பே நான் கத்த ஆரம்பித்தேன். பல் விளக்கும்போது கத்தினேன். குளிக்கும்போது கத்தினேன். அம்மா கரண்டியை வீசினாள். சீக்கிரமே மாடியிலிருந்து எது கேட்டாலும் தெருவில் "அந்தக் கார்த்திப் பையன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு சங்கடம்தான். நான் கத்தினால் ஆடு பதில் கத்த ஆரம்பித்தது. இன்னொன்று, தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தால் தெருவே பார்க்கும் என்பதால், ஸ்கூல் பையில் ஒளித்து எடுத்துப்போன முட்டைக்கோஸ் இலையும் பன்னும்தான் அதற்குச் சாப்பாடு.

எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தபோது, நம்மூர்த் தமிழை நம்மைவிட மரியாதையாகக் கற்றுக்கொண்ட முன்னா அண்ணன் படிக்கட்டில் என் தோளைத் தட்டினார்: "தம்பிங்க, மேல ஆடு நல்லாக் கத்துதுங்க. நீங்கதானுங்க இன்னும் பிராக்டிஸ் பண்ணோணும்."

ஸ்பீக்கரில் வந்த வினை

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. அவருக்கு ஒரு காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கர்தான். "ஏனுங்க பாய், மழைக்குச் செவுரு ஒழுகுதுங்களா?" என்று ஓனர் கேட்டு முடிக்கவில்லை, மேலேயிருந்து ஆடு கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை. நீட்டி, உடைத்து, மறுபடி நீட்டி. நான் பாய்ந்து ஓடிவந்து போனுக்குப் பக்கத்தில் நின்று அதேபோல ஒன்று போட்டேன்.

"அது என்னங்க பாய் சத்தம்?" என்றது போன். பாய் பொய் சொல்லாத மனிதர். அன்றைக்கும் சொல்லவில்லை. "பக்கத்து ஊட்டுப் பையனுங்க. எந்நேரமும் ஆடு மாதிரி கத்திட்டே இருக்கானுங்க" என்றார். ஒவ்வொரு எழுத்தும் உண்மை. "போனை அவன்கிட்டக் குடுங்க" என்றது ஸ்பீக்கர். வாங்கினேன். கத்தினேன். உண்மையிலேயே நல்ல கத்தல் அது. இன்னொரு நாளாக இருந்தால் எனக்கே கை தட்டியிருப்பேன்.

ஓனர் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் கத்தற கண்ணு. ஞாயித்துக்கெழம வாரேன். நேர்ல ஒருக்கா கேட்டுப்போட்டுப் போறேன்."

தொழில் படுத்துக்கொண்டது

சனிக்கிழமை காலையில் எழுந்து "அம்மா, காப்பி" என்றேன். பாதி வார்த்தை என் குரலில் வந்தது, மீதி யாரோ தகரத்தை இழுத்த மாதிரி வந்தது. ஆட்டுக் குரலை முயன்றேன். போர்வெல் மோட்டார் காற்று வாங்கிய சத்தம் வந்தது. அம்மா குரல், சேச்சி குரல், ஷஃபி அம்மா குரல், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாக் கடையும் ஷட்டர் இறக்கியிருந்தது.

லிஸி சேச்சியிடம் ஓடினேன். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். வெந்நீர், மிளகு, ஊசி, எது சொன்னாலும் தயார் என்றேன். "பேடிக்கண்ட, பயப்படாத மோனே. இது நோயில்ல, வயசாணு. இதுக்கு மருந்து தெரிஞ்சா நான் எதுக்கு நைட் டியூட்டி போறேன்?" என்று டார்ச்சை அணைத்துவிட்டார்.

திட்டம் இல்லாமல் இல்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு மினி ஆட்டோ வரும். ஆட்டை மறுபடி மெத்தைக்குள் வைத்து ஒருநாள் ஊர் சுற்றிக் காட்டிவிட்டு, ஓனர் கிளம்பியதும் கொண்டுவருவது. ஆனால் திட்டத்தை யாரும் முழுசாக நம்பவில்லை. ஷஃபி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அவன் அம்மா அட்டைப்பெட்டியில் பாத்திரங்களைப் பேப்பர் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பெட்டியை முந்தானையால் மூடினார். ஷஃபி என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான். "கரும்புக்கடை ஏரியாவுல ஒரு வீடு இருக்குதாம். ரெண்டு குடும்பம் சேந்து இருக்கணும். ஸ்கூலு மாத்துவாங்களான்னு அத்தா சொல்ல மாட்டேங்கறாரு" என்றான். நான் ஒருதடவை கத்திக் காட்டினேன். மோட்டார்தான் வந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "டேய், ஆடு வேண்டாம்டா. ஒரு கன்னுக்குட்டி மாதிரியாவது வருதா பாரு."

முதல் பஸ்ஸில் வந்தவர்

நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும். தோட்டக்காரருக்குப் பால் கறக்கும்போதே ஆரம்பித்துவிடும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. விடிந்தும் விடியாமல் கேட் கிறீச்சிட்டது. வாசலில் ஓனர் நின்றார். தோளில் வழக்கமான சாக்கு மூட்டை. அதைக் கேட் பக்கமாக இறக்கிவைத்துவிட்டு, பாய் வீட்டு நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நாலு வீட்டுக் கதவும் திறந்தன. அப்பா பனியனோடு வந்தார். பாய் வந்தார், அவருக்குப் பின்னால் கதவிடுக்கில் ஷஃபி அம்மா. மாடியில் சத்தமில்லை. 'தூங்கு, தூங்கு' என்று மனதுக்குள் ஆட்டைக் கெஞ்சினேன். "எங்கீங்க அந்தப் பையன்?" என்றார் ஓனர். அப்பா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "ம். கத்து கண்ணு."

வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அப்புறம் தகரம். அப்புறம் மோட்டார். வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னா அண்ணன்கூடத் தரையைப் பார்த்தார். அந்த அமைதியில், என் கத்தலுக்குப் பதில் சொல்லிப் பழகிப்போன ஆடு மேலேயிருந்து கணீரென்று பதில் சொன்னது.

பாய் இரண்டடி முன்னால் வந்தார். "ஆடுதானுங்க. பையன் மேல தப்பில்லீங்க. சாமான் கட்டிட்டுத்தான் இருக்கறோமுங்க" என்றார். ஓனர் படியேறினார். பின்னாலேயே எல்லாரும். மெத்தைச் சுவரை அவர் ஒரு கையால் விலக்கினார். உள்ளே ஆடு, கால்மாட்டில் வாடிப்போன முட்டைக்கோஸ் இலை, பன் துண்டு. அவர் குந்தி உட்கார்ந்து அதன் வயிற்றை அமுக்கினார். விலா எலும்பைத் தடவினார், எங்கள் சுவரைத் தடவுகிற அதே விரலால். ரொம்ப நேரம் தடவினார். பாய் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கெழமயே தெரியுமுங்க பாய்," என்றார் ஓனர், நிமிராமல். "அது வவுத்துப் பசியில கத்தற கத்து. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க. வாயில்லாச் சீவனைக் கட்டிப்போட்டுப் பட்டினி போடலாமுங்களா?"

அந்த வாயில்லாச் சீவனின் வாயை மறைக்கத்தானே இவ்வளவு பாடும் என்று எனக்குச் சிரிப்பு முட்டியது. பாயைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வீடு போகப்போகிறது என்றபோதுகூட நிமிர்ந்து நின்றவர், இப்போது தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். "குர்பானிக்குன்னு வாங்கினத நல்லா வெச்சுக்கணும்னு சின்னப் பிள்ளையில இருந்து படிச்சவனுங்க நான். பயத்துல அதையே மறந்துட்டேனுங்க" என்றார்.

ஓனர் முன்னா அண்ணனைப் பார்த்துக் கேட் பக்கம் கை நீட்டினார். அவர் ஓடிப்போய் மூட்டையைத் தூக்கிவந்து அவிழ்த்தார். தேங்காய் இல்லை. தோட்டத்திலிருந்து அறுத்துக் கட்டிய சவுண்டல் தழை, பஸ்ஸில் கசங்கியும் பச்சை மாறாமல். ஆடு அதற்குமேல் யாரையும் சட்டை செய்யவில்லை. அது மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் நின்றோம். ஷஃபி என் கையைப் பிடித்திருந்தான். கடைசியில் பாய்தான் கேட்டார்: "அப்ப ஊடுங்க?"

ஓனர் எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பாட்டுக்கு இருங்க. ஆடும் பண்டிகை வரைக்கும் இருக்கட்டுங்க, அப்பறம் மாடியக் கழுவி உட்ருங்க" என்றவர், படியில் கால் வைக்கும் முன் என் பக்கம் திரும்பினார்: "ஆட்டுக்குக் கவுறு நீளமாவே கட்டுங்க பாய். இந்தப் பையன் வாய்க்குத்தான் குட்டையா ஒண்ணு வேணுமுங்க."

மறைக்கச் சொல்லி எனக்குத் தினமும் காளான் வாங்கிக் கொடுத்தார்களே, ஆட்டின் அந்தச் சத்தம்தான் அவர்கள் வீட்டைக் காப்பாற்றியது என்பதால், இத்தனை வருஷத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் சரியான நேரத்தில் தொண்டையைக் கெடுத்துக்கொண்டதுதான்.