டிஷ் பூட்டியவர் விட்டுப்போன பெட்டி

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் கூரையில் டிஷ் பூட்டியபோது நான் கல்முனையில் கடையில் இருந்தேன். வீட்டில் வாப்பா மட்டுமே நின்றார். மாலையில் வந்து பார்த்தால், டிவிக்குப் பக்கத்தில் குமிழ் வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் வாப்பாவின் கதிரை வரை நீண்டு, எதிலும் செருகப்படாமல் கிடந்தது.

"இது என்னத்துக்கு வாப்பா?"

"கிடக்கட்டும் மகன். பூட்டின தம்பி திரும்ப வருவாரு."

இடி மின்னலுக்காக இருக்கும் என்றாள் மனைவி. பிள்ளைகளின் காலில் வயர் தட்டுப்பட்டதால் கழற்றிச் சுருட்டி, பெட்டியோடு அலுமாரியில் வைத்தோம். வாப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்துச் செய்தி பார்த்தார். அவர் சத்தமாக வைத்தால் பிள்ளைகளின் படிப்புக் கெடும் என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம்.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து சில மாதங்களில் காற்றுக்கு டிஷ் திரும்பிவிட்டது. பூட்டியவரே வந்தார். பெட்டியை எடுத்துக் காட்டிக் கேட்டேன்.

"நானா, அது வாப்பாக்குப் பூட்டினது. காது கேக்குதில்ல, சத்தத்தக் கூட்டினா ஊட்டுல கரச்சல் எண்டாரு. அந்த வயர்ல செருகிக் காதுல மாட்டுறத கொழும்பால எடுப்பிச்சுத் தாறன் எண்டு செல்லியிருந்தன். பொறகு அவரே எனக்கு போன்ல கோல் எடுத்து, வேணாம் மகன், வயரக் கழட்டிட்டாங்க எண்டாரு."

சத்தமாக வைப்பது அவருடைய பழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன். அத்தனை நாளும் அவர் செய்தி வாசிப்பவரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வந்தவர் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினார். படம் தெளிவாக வருகிறதா என்று மேலிருந்து கேட்டார். நான் வாப்பாவின் கதிரையில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன்.