நான் செய்துவைத்த சமாதானம்

கொரோனா ஓய்ந்து, மலையில் வேலைக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடிய வருடம் அது. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிறு சபைக்கு மூப்பர். கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துகூட இல்லை, ஆனால் சண்டைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. எதுவானாலும் என்னிடம்தான் வரும். இருவரையும் உட்காரவைத்து, ஜெபித்து, கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுவேன். தோட்டத்தில் என்னை "சமாதானப் புறா" என்று கேலி செய்வார்கள். வெளியே முறைப்பேன், உள்ளுக்குள் குளிர்ந்து போவேன்.

எங்கள் தோட்டத்தில் இப்போது கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் மெஷின்தான். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க, நடுவில் நீளக் கத்தி செடியின் தலையைச் சீவிக்கொண்டே போகும். என் ஆட்களில் ஒரு பெண் அதைப் பிடிப்பாள். எங்கள் சபைதான். பாட்டு தொடங்கினால் முதலில் கைதட்டுவது அவள்தான், மற்றவர்கள் பிறகுதான்.

அவளுடைய மெஷினில் சுவிட்சு கெட்டிருந்தது. அணைத்தாலும் கத்தி சில சமயம் நிற்காது. மெக்கானிக்கிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். அவரும் எங்கள் சபைக்காரர்தான். "ஸ்பேர் இன்னும் வரலம்மா" என்று நாளைக் கடத்தினார். ஒருநாள் மெஷின் கொட்டகை முன்னால், எல்லோரும் பார்க்க, அவள் கத்தித் தீர்த்துவிட்டாள்.

"உங்க பொண்டாட்டி கைன்னா இப்படி விட்டு வைப்பீங்களா? நான் துரைகிட்டயே போறேன்லா!"

மேனேஜர் துரையிடம் போனால் மெக்கானிக்குக்கு மட்டுமா திட்டு விழும்? கெட்ட மெஷினை ஏன் வேலைக்கு இறக்கினாய் என்று எனக்கும்தான். ஆனால் அந்தப் பயத்தை நான் பயம் என்று சொல்லவில்லை. ஒரே சபையில் ரெண்டு பேர் முகம் பார்க்காமல் உட்காரலாமா, ஊர் முன்னால் நம் சாட்சி கெட்டுப்போகுமே என்று அவளிடம் வேதத்தை இழுத்தேன்.

அந்த ஞாயிறு, திருவிருந்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் கைகொடுத்து "சமாதானம்" சொல்லும் நேரம். நானே அவளைக் கூட்டிப்போய் மெக்கானிக் முன்னால் நிறுத்தினேன். அவர் கை நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்ப சுவிட்சுண்ணே?"

"அதெல்லாம் செஞ்சிடுவாரு. மொதல்ல கைய குடும்மா."

கொடுத்தாள். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. எனக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு ருசியாக இறங்கியது. திங்கட்கிழமை நான் சுவிட்சைப் பற்றிக் கேட்கவில்லை. முடிந்துபோனதைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன். அவளும் வாய் திறக்கவில்லை. வாயை அடைத்தவனே நான்தானே!

வியாழக்கிழமை, மழை விட்ட நேரம். கத்தியில் குச்சி சிக்கியது. அவள் சுவிட்சை அணைத்துவிட்டுக் குச்சியை இழுத்தாள். நின்றது போலிருந்த கத்தி மறுபடி ஓடியது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. என் காரில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான்தான் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று புலம்பினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "செத்த சும்மா வாங்கண்ணே" என்றாள்.

மறுநாளே மெக்கானிக் சுவிட்சை மாற்றினார். அரை மணி நேர வேலை.

பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். "அவரு வேணும்னு செய்யலம்மா" என்று ஆரம்பித்தேன். "சமாதானம் சொல்ல வந்தீங்களாண்ணே?" என்றாள். தமிழில் அந்தச் சொல்லுக்குச் சாக்கு என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சில மாதம் கழித்து ஈப்போவிலிருந்து ஒரு போதகர் பிரசங்கத்துக்கு வந்தார். நாம் சமாதானம் என்று படிக்கும் எபிரெயச் சொல் ஷாலோம். அது வெறுமனே சண்டை இல்லாமல் இருப்பதல்ல, குறையில்லாத முழுமை என்றார். முட்டும் என்று தெரிந்தும் ஒருவன் கட்டிவைக்காத மாடு இன்னொருவன் மாட்டைக் கொன்றால் பதிலுக்கு மாடு கொடுத்து ஈடுகட்டச் சொல்கிறதே நியாயப்பிரமாணம், அந்த ஈடுகட்டலுக்கும் அதே வேர்ச்சொல்தானாம். காயத்தை ஆற்றாமல் மேலே சமாதானத்தைப் பூசியவர்களைத் தீர்க்கதரிசி கண்டித்ததையும் சொன்னார். எனக்கு முன் பெஞ்சில் அவள், கையை முந்தானைக்குள் மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் முழுமை, முழுமை என்று சொல்லச் சொல்ல, என் கண் அந்த முந்தானையை விட்டு நகரவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிறகு கைகொடுக்கும் நேரம். பழக்கதோஷம், எழுந்து அவள் முன்னால் போய்க் கையை நீட்டிவிட்டேன். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"எந்தக் கைய குடுக்கட்டும்ணே?"

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அந்த மாதமே மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்? விரலா முளைத்துவிட்டது? இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பாட்டு தொடங்கும்போது, முதலில் யார் கைதட்டுவது என்று சபை ஒரு கணம் தயங்குகிறது. நான் செய்துவைத்த சமாதானம் அந்த ஒரு கணத்தில்தான் எனக்குக் கேட்கிறது.