சீப்புக்கும் வரி, சீவுவதற்கும் வரி

சலூன்காரருக்கு நாக்கு நீளம் என்று கடைத்தெருவில் பேர். நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்து போவதற்குள் ஊர்க்கதை முழுவதும் காதில் விழுந்துவிடும். அதனால்தான், சேவைகளுக்கும் வரி போடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், நகரசபைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேச அவரையே பிடித்துத் தள்ளினார்கள். முன்னால் நின்று தள்ளியவன் எதிர்க்கடை எலக்ட்ரீஷியன்.

அதுவரை பொருள் விற்பவர்களுக்கு மட்டும்தான் நகரசபை வரி. ஜனங்கள் வெளியூரில் போய் வாங்கப் பழகிய பிறகு அந்த வருமானம் தேய்ந்துவிட்டது. முடிவெட்டுவது, தைப்பது, ரிப்பேர் பார்ப்பது எல்லாவற்றுக்கும் வரி வந்தால்தான் நகரசபை ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை நடத்த முடியும் என்று தலைவர் சொல்லியிருந்தார். அந்த வார்டின் நர்ஸ் சலூன்காரரின் மனைவி. தெருவில் பாதிப் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவள்.

வீட்டில் இரண்டு நாள் முணுமுணுப்பு. தன்னிடம் வருபவர்கள் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், வரியும் சேர்ந்தால் தாடியோடே திரிவார்கள் என்றார் அவர். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

"சீப்பு விக்கிறவன் காலங்காலமா வரி கட்டுறான். அந்தச் சீப்பை வச்சு சீவிவிடுற நீங்க மட்டும் ஏன் கட்டக்கூடாது?"

வேண்டுமானால் கூட்டத்துக்கே போகவில்லை என்று இறங்கி வந்தார்.

"போங்க. மனசுல பட்டதைப் பேசுங்க. எனக்காக வாயை மூடிக்கிட்டு, அப்புறம் அதை என் தலையில கட்டாதீங்க."

போனார். பேசினார். வாரம் தவறாமல் சவரத்துக்கு வரும் வாட்ச்மேன் இப்போதே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிறார் என்று சொன்னார். அது கைதட்டலுக்காகச் சொன்னதில்லை. கூட்டம் கைதட்டியது. இரண்டாவது வரிசையில் மற்ற நர்சுகளோடு இருந்த மனைவி மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டதில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் வரி தோற்றது.

அடுத்த மாதமே பிரசவ வார்டைப் பூட்டினார்கள். அவளுக்குப் பக்கத்து நகரத்தில் வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். கால் வீங்கி வருவாள். அவர் சமைத்து வைத்திருப்பார். உப்பு கூடிப்போனாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஒருநாள் எலக்ட்ரீஷியன் முடிவெட்டிக்கொள்ள வந்தான். அன்றைய பேச்சை மறுபடி புகழ்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல மாசமா இருக்கா அண்ணே. அண்ணி பார்த்துக்குவாங்கல்ல?" என்றான்.

கத்தரிக்கோல் அவன் காதருகே நின்றுவிட்டது.

"வார்டுதான் இல்லையேப்பா."

"அது தெரியும். அண்ணி இருக்காங்களே, வீட்டுக்கு வந்து பார்த்தா போதாதா?"

அவர் மிச்ச முடியை வெட்டினார். இரண்டு பக்கமும் சரியாக வரவில்லை. அவன் கண்ணாடியைப் பார்க்காமலே எழுந்து போனான்.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். என்னால்தான் இப்படி ஆச்சு என்று ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை. எத்தனையாவது மாசம் என்று கேட்டாள். ஒன்பது என்றதும் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டினாள்.

"வீட்டுல வச்சுப் பார்க்கிற வேலை இல்ல இது. ராத்திரி வலி வந்தா பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி யார்கிட்ட சொல்லி வச்சிருக்காங்க?"

அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றியிருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவள் பின்னாலேயே எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு நடந்தார்.