மடித்துக்கொண்டு போகிற மறைப்பு

குளியல் கூடாரம் விற்கிற வேலையில் முதலில் கழற்றி வைக்க வேண்டியது நம்முடைய வெட்கத்தைத்தான்.

கடையில் நின்று பழகியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சாமான் விற்பது சுகம். அந்தச் சாமானைப் பற்றி வருகிற கேள்விகளுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்வதுதான் சீவன் போகிற வேலை. நான் புதுக்குடியிருப்பில் கூரைக்குப் போடுகிற தறப்பாள், கயிறு, வாளி, பிளாஸ்ரிக் கதிரை விற்கிற கடையில் ஆறு வருடமாக நிற்கிறேன். முதலாளி முல்லைத்தீவு முஸ்லிம் ஆள். ஊருக்கே அவர் நானா. கடற்கரையில் கூடாரமடித்துத் தங்க வருகிற வெளியூர்க்காரரைப் பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து பத்துக் குளியல் கூடாரங்களை இறக்கினார். உறையிலிருந்து எடுத்தால் தானாக எழும்பி நிற்கும். முன்பக்கம் இழுத்துப் பூட்டுகிற சிப். அடித்துணி கிடையாது, தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். ஒரு ஆள் உள்ளே நின்று குளிக்கலாம். “குளிக்கிறது வாங்கிறவரிட பாடு, விக்கிறது உங்கட பாடு” என்று சொல்லிவிட்டு நானா தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

ஒரு சொல் கூடிப்போச்சு

விளம்பரப் பலகை எழுதும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. கூடாரம், ரோச் லைற், தண்ணீர்க் கான் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல நினைத்து, சிவப்பு மையால் ‘முகாமுக்கு வேண்டிய சகலதும் இங்கே கிடைக்கும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் நிறுத்தினேன். சண்டைக்காலத்தில் ஊரோடு அகதி முகாமுக்குப் போன வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருத்தி அந்தச் சொல்லை யோசிக்காமல் எழுதினாள் என்றால் அவளுக்கு எவ்வளவு மூளை என்று பாருங்கள்.

காலை எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் பிரேக் பிடித்தார். பலகையை இரண்டு தரம் வாசித்தார். உள்ளே வந்து, விலை கூடக் கேட்காமல், இரண்டு தறப்பாளும் நாலு வாளியும் வாங்கிக்கொண்டு போனார். அரை மணித்தியாலத்தில் அவருடைய ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் கடைக்குள் நின்றது. கயிறு முடிந்தது, கான் முடிந்தது, தறப்பாளில் கிழிந்ததும் போய்விட்டது. குளியல் கூடாரத்தை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானா தனக்கு யோகம் அடித்துவிட்டது என்று வந்தவர்களுக்கெல்லாம் சோடா உடைத்துக் கொடுத்தார். மத்தியானம் ஒரு அம்மா என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள் கேட்டபோதுதான் எனக்கு விசயம் பிடிபட்டது.

“தங்கச்சி, எனக்கு மட்டும் சொல்லு. திரும்ப எப்ப வெளிக்கிடவேணுமாம்?”

எந்தச் சின்னம்

‘முகாமுக்கு’ என்பதை வெள்ளைப் பெயின்ற் அடித்து மறைத்தோம். சனம் கண்ணால் பார்த்தால் பயப்படாது என்று நினைத்து, வான நீலக் கூடாரம் ஒன்றைக் கடை நடுவில் விரித்தேன். விரித்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. உறையைத் திறந்ததும் அது பாய்ந்து எழும்பி நானாவின் தொப்பியைத் தட்டிவிட்டு நின்றது.

நிற்க வைப்பது அவ்வளவுதான். மடிப்பதில்தான் எங்கள் மானம் போனது. எட்டு வடிவத்தில் முறுக்கி மடிக்கவும் என்று தாளில் படம் போட்டிருந்தது. நான் அதை முறுக்கப் போக, அது என்னை முறுக்கியது. நானா மேலே ஏறி இருந்து பார்த்தார், அது அவரை வாளி அடுக்குக்குள் தூக்கிப் போட்டது. கடைசியில் அது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் கயிறு வாங்க வந்த ஒரு ஐயா நேரே கூடாரத்துக்குள் போனார். உள்ளே தடவித் தடவி எதையோ தேடினார். பிறகு சிப்புக்குள்ளால் தலையை மட்டும் நீட்டினார்.

“பிள்ளை, பென்சிலும் இல்லை, வோட்டுச் சீட்டும் இல்லை. நான் எதில புள்ளடி போடுறது?”

இரண்டு நேத்தி

அடுத்த கிழமை யோகமக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம். கச்சான் கடலைத் தோட்டம் செய்கிறவர். வைகாசியில் கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டத்தோடு சேரப் போகிறார். ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. வழியில் கோயில் வளவிலும் காட்டிலும் படுக்கை, குளம் கண்ட இடத்தில் குளிப்பு.

கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர், நான் கேட்காமலே கதையைச் சொன்னார். முகாமில் இருந்த காலம், இரண்டு வயது மகள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். பிள்ளை எழும்பினால் நடந்து வருவேன் என்று முருகனுக்கு நேத்தி வைத்தார். பிள்ளை எழும்பியது, இப்போது கம்பஸில் படிக்கிறது. ஆனால் அதே முகாமில் ஒரு பைப்படிக்கு இருநூறு பெண்கள். கட்டின துணியோடு ஒரு வாளித் தண்ணீர், பின்னால் நிற்கிறவர்கள் “கெதியா, கெதியா” என்று கத்துவார்கள், கம்பிக்கு அங்காலே பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். அங்கே வைத்தே இனி ஒருவர் கண்ணிலும் பட்டுக் குளிப்பதில்லை என்று தனக்குத் தானே சத்தியம் பண்ணினாராம். நான் வழக்கமாக இப்படியான இடத்தில் எதையாவது விற்கப் பார்ப்பேன். அன்றைக்கு ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டேன்.

“ஒரு நேத்தி முருகனுக்கு, மற்றது எனக்கு. அவருக்குச் செய்தா எனக்கு இல்லை, எனக்குச் செய்தா அவருக்கு இல்லை. இவ்வளவு வருசமா அவர்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.”

நிறம் பார்த்தல்

இரண்டு நேத்தியையும் ஒன்றாக முடித்துத் தருகிறேன் என்று யோகமக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அவர் எப்படிப்பட்ட வாடிக்கையாளர் என்று தெரிந்தது. நீலக் கூடாரத்தை வெயிலில் கொண்டுபோய் வைத்து, என்னை உள்ளே விட்டுச் சிப்பைப் பூட்டினார். வெளியிலிருந்து குரல் வந்தது: “நீ இப்ப இடுப்பில கை வைச்சு என்னை நெளிக்கிறாய்.” உண்மைதான், அவர் நிற்கிற மாதிரியே நின்று நெளித்துக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். நிழல் வெளியில் தெரிந்ததால் நீலம் கழிந்தது. வெள்ளையை எடுக்கவே விடவில்லை.

அடுத்தது உயரம். இந்தக் கூடாரங்களைச் செய்கிறவர்கள் மேலே இருந்து குழாயில் தண்ணீர் விழும் என்று நினைத்துச் செய்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குக் குளிப்பென்றால் வாளியைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்க்க வேண்டும். யோகமக்கா உள்ளே நின்று வெறும் வாளியைத் தூக்கிப் பார்த்தார், கூரை இடித்தது. அளவு கூடின கடும் பச்சை ஒன்று இருந்தது. வாளி இடிக்கவில்லை, நிழலும் தெரியவில்லை. அப்பாடா என்று பில் புத்தகத்தை எடுத்தேன். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“காட்டுக்குள்ள பச்சை ரென்ற்றைக் கண்டா எங்கட பெண்டுகள் சவுக்காரத்தோட வராயினம், ஆமி எண்டு நினைச்சு ஐடென்ரிக் காட்டோடதான் வருவினம்.”

சோளகம்

கடைசியில் அடுக்கின் அடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று அகப்பட்டது. அதுவும் பெரிய அளவு. வேறு எவரும் தொடாத நிறம். யோகமக்காவுக்குப் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர், முதல் நாள் என்னிடம் வெள்ளைக் கூடாரம் வாங்கிய, கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி. இடுப்பில் துவாய், தலையில் சம்பூ நுரை, காலில் ஒற்றைச் செருப்பு. கடற்கரையில் குளித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சோளகக் காற்று ஒரு தரம்தான் அடித்ததாம். “அக்கா, ரென்ற் கடல் பக்கம் போச்சுது, நான் இஞ்சால வந்திட்டன்” என்றார். நான் மேசைக்குக் கீழே குனிந்து பேனை தேடுவதுபோலச் சிரித்து முடித்தேன்.

தலையை நிமிர்த்தினால் யோகமக்கா சிரிக்காமல் நிற்கிறார். போச்சு, என் வாக்குக் காற்றில் போச்சு என்று நினைத்தேன். அவர் ஆறுதலாகக் கூடாரத்தின் அடிக்கரையைத் தூக்கிப் பார்த்தார். சுற்றிவர நாலு துணிப்பை தைத்து மண் நிரப்பினால் காற்றுக்கு நிற்கும் என்றார். அப்படியும் தான் உள்ளே மார்புக்கு மேலே பாவாடையை இறுக்கி, குறுக்குக்கட்டோடுதான் நிற்பாராம். சிப் பூட்டின கூடாரத்துக்குள் எதற்கு அக்கா குறுக்குக்கட்டு என்று கேட்டேன்.

“ரென்ற்றுக்கு வெட்கம் கிடையாது பிள்ளை, நினைச்சாப் பறந்திடும். எனக்கு இருக்கு.”

கெதியா

குளித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று அடுத்தநாளே வந்து நின்றார். பைகள் தைத்தாகிவிட்டது. நானா மத்தியானத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம் பார்த்து, கடைக்குப் பின்னால் கிணற்றடியில் கத்தரிப்பூக் கூடாரத்தை நிறுத்தினோம். நாலு வாளித் தண்ணீர் உள்ளே வைத்தேன். கதிரை போட்டு நான் காவல். சிப் பூட்டுப்பட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது, சவுக்கார மணம் வந்தது, பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பத்து நிமிடம் போனது. இருபது போனது. நானா திரும்பி வருகிற நேரம். மயங்கி விழுந்துவிட்டாரோ, சிப் இறுகிவிட்டதோ என்று கதிரையை விட்டு எழும்பினேன். “அக்கா, சிப் திறக்க ஏலாமல் கிடக்கோ? கெதியா வாங்கோ” என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் எந்தச் சொல்லைச் சொன்னேன் என்று உறைத்தது. எனக்கு அழுகை வரப் பார்த்தது. உள்ளேயிருந்து ஆறுதலாகப் பதில் வந்தது.

“சிப் நல்லாத் திறக்குது பிள்ளை. நான்தான் திறக்கேல்லை.”

மடிப்பு

அன்றைக்கு அதை மடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் முடியவில்லை. நின்ற கோலத்திலேயே ஓட்டோக் கூரையில் கட்டி அனுப்பினோம். மடிப்பை வழியில் பழகுங்கோ என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு மற்ற ஏழு கூடாரமும் போய்விட்டன. பச்சையைக் கூட ஒருவர் கோழி அடைக்க வாங்கிக்கொண்டு போனார். கடை நடுவில் நின்ற நீலம் மட்டும் மிச்சம். நானா அதற்குள் தன் குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் வைக்கத் தொடங்கிவிட்டார்.

ஆவணியில் யோகமக்கா வந்தார். வெயிலில் கறுத்து, கால் வெடித்து, சிரித்த முகமாக. கத்தரிப்பூ வெளிறிச் சாம்பலாகிவிட்டதாம். முதல் மூன்று நாள் தான் மட்டும் குளித்தாராம். நாலாம் நாள் கூட வந்த ஒரு பெட்டை தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள். ஐந்தாம் நாள் கூட்டத்தில் வந்த முப்பது பெண்களும் வரிசை. எல்லாரும் குளித்து முடியும் வரை அக்கா சிப்படியில் காவல் இருந்தாராம், ஒருத்தியையும் கெதியா வா என்று கூப்பிடவில்லையாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? “பேந்தும் முகாம் மாதிரி வரிசைதானே அக்கா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தேன். அவர் கோபிக்கவில்லை. நீலக் கூடாரத்துக்குள்ளிருந்து நானாவின் குடையையும் பெட்டியையும் எடுத்து வெளியில் வைத்தார். இரண்டு பக்கத்தையும் பிடித்தார், ஒரு முறுக்கு, ஒரு அமத்து. சுளகு அளவில் வட்டமாகச் சுருண்டு அவருடைய கக்கத்துக்குள் போய்விட்டது.

“ஓம், முகாம்தான். ஆனா இதை விடிய எழும்பி நாங்களே மடிச்சு வைச்சுக்கொண்டு நடக்கலாம்.”

அந்தச் சுருளை என் கையில் தந்துவிட்டு அக்கா போன கையோடு, அவர் எப்படி மடித்தார் என்று பார்ப்பதற்காக அதை நான் திரும்பத் திறந்துவிட்டேன் என்பதையும், அது இன்றுவரை கடை நடுவில்தான் நிற்கிறது என்பதையும் சொன்னால், என் தொழில் திறமையைப் பற்றி உங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படாது.